ஒன்பதரை மணி ராதிகா

போன செமஸ்டரில் தொழில்முனைவோர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம்ம வகுப்புதான் தெரியுமே... அம்பானி, டாடா, நாராயணமூர்த்தி எல்லாம் முதல் பெஞ்சிலேயே காலி. மிச்சம் யார் என்று யோசித்து "ராதிகா" என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்காகத்தான் இது :)

எம்.ஆர்.ராதாவின் மகள். லண்டனில் படித்துவிட்டு வந்தவர். 1978ல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் கிராமத்துப் பெண்ணாக அறிமுகமானார். 1985ல் பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' படத்தில் நடித்ததோடு அதைத் தயாரித்தவரும் அவர்தான். அந்தப் படம் தேசிய விருது வாங்கியது. 1993ல் 'கிழக்குச் சீமையிலே' விருமாயி. அந்தப் படத்தைப் பார்த்து அழாத அத்தைகள் எங்கள் தெருவில் கிடையாது.

கதாநாயகிகளுக்கு சினிமா என்பது எங்க குற்றாலம் சீசன் மாதிரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் கூட்டமும், அப்புறம் கடைக்காரர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்பா அங்கே சிப்ஸ் கடை போடுகிறவர் என்பதால் எனக்கு இது நல்லாவே தெரியும். அக்கா, அம்மா வேடங்கள் வரத் தொடங்கும் வயதில் ராதிகா தன் ராடான் நிறுவனம் மூலமாக டிவிக்குள் போனார். 1999 கடைசியில் சன் டிவியில் 'சித்தி'. அப்புறம் அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, 2018 வரை வாணி ராணி. எல்லாமே இரவு ஒன்பதரை மணி. ஏறக்குறைய 19 வருஷம்! ராடான் பங்குச்சந்தை வரைக்கும் போனது.

இதில் காமர்ஸ் எங்கே இருக்கிறது என்றால், அப்போது பல சீரியல்களில் தயாரிப்பாளர்தான் சேனலுக்குப் பணம் கட்டி அந்த அரை மணி நேரத்தை வாங்குவார். செலவு செய்து எடுத்து, விளம்பர நேரத்தை விற்றுப் போட்ட காசை எடுக்க வேண்டும். வீட்டில் இதைச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏல, விளம்பரம் வரலன்னா நட்டம் யாரு தலையில?"

"எடுத்தவங்க தலையிலதான்."

"அப்போ நம்ம கழிவு பீடி மாதிரின்னு சொல்லு."

தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். தெரியாதவர்களுக்கு: சுற்றிக் கொண்டுபோகும் பீடியில் சரியில்லை என்று கடையில் ஒதுக்குவதற்குக் கூலி கிடையாது. இலையும் போச்சு, உழைப்பும் போச்சு. நான் மூணு பக்கத்தில் எழுதியதை எட்டாவது வரைக்கும் படித்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஒரு பழைய விஷயம் உறுத்த ஆரம்பித்தது. நான் எட்டாவது படிக்கும்போது 'வாணி ராணி' ஓடிக்கொண்டிருந்தது. ராதிகா அதில் இரட்டை வேடம். "படிக்க விடாம என்ன எழவு சீரியல்? இதைப் பார்த்து என்னத்தக் கண்ட?" என்று ஒரு நாள் கத்தினேன். அம்மா திருப்பி ஒண்ணும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டே பீடி சுற்றினாள். அந்த சீரியல் முடிகிற வரைக்கும் அப்படித்தான். என் ஸ்கூல் ஃபீஸ், இப்போது காலேஜ் ஃபீஸ், எல்லாம் அந்த ராத்திரி பீடியில் வந்தது. சீசன் முடிந்தால் அப்பாவிடம் காசு ஏது?

செமினாரில் கழிவு பீடி உதாரணத்தையே சொன்னேன். "இது யார் சொன்னது?" என்று சார் கேட்டார். "எங்க அம்மா" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எல்லாவற்றிலும் ராதிகா ஜெயித்தார் என்று சொல்ல வரவில்லை. 2020ல் 'சித்தி 2' தொடங்கினார், பாதியிலேயே அதிலிருந்து விலகினார். 2024ல் பக்கத்து விருதுநகரில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று மூன்றாவது இடம். "போனா போகுது, அவளுக்கு வேற வேலை தெரியும்லா" என்றாள் அம்மா.

அம்மாவிடம் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. ராத்திரி ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், அவ்வளவுதான்.