அருகில் இருந்தவர்கள்

என் அத்தை மகன் இறந்த இரவில் அவனுடன் இன்னும் இருவர் இருந்திருக்கிறார்கள். புதுக்கோட்டைக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் விளிம்பில். வலி மாத்திரையை நீரில் கரைத்து மூவரும் ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். அவனுக்கு மூச்சு அடங்கத் தொடங்கியதும் மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். துக்க வீட்டில் எல்லோரும் அவர்களைச் சபித்தார்கள். நானும்தான்.

அந்தச் சாபத்தை இப்போது முழுமனத்துடன் சொல்ல முடிவதில்லை. அவர்கள் போலீசுக்கு அஞ்சி ஓடினார்கள். நின்றிருந்தாலும் என்ன செய்வதென்று அவர்களுக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்? இவ்வகை மாத்திரை அளவு மீறினால் மூளை, மூச்சு விடுவதையே மறந்துபோகிறது. அந்தச் சில நிமிடங்களில் வாயோடு வாய் வைத்து ஊதலாம். நலாக்சோன் என்ற மருந்து கையிலிருந்தால் மூச்சைத் திருப்பவும் கூடும். ஆனால் அப்போது அருகில் இருப்பவன் மருத்துவன் அல்லன். பெரும்பாலும் இன்னொரு போதையாளன்தான்.

கனடாவின் வான்கூவரில் இதை உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் கவிஞர். பெயர் பட் ஆஸ்பார்ன். ஹெராயினில் மூழ்கி எழுந்தவர். 1997 இல் அங்கே ஆப்பன்ஹைமர் பூங்காவில், அளவு மீறி இறந்தவர்களுக்காக ஆயிரம் சிலுவைகள் நடப்பட்டன. அக்காலத்தில் அவரும் தோழர்களும் உருவாக்கிய சங்கத்தில் போதை பயன்படுத்துவோரே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகிகள். திருந்திய பின் வா என்ற நிபந்தனை அங்கே இல்லை. (கவிதையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும் நண்பர்கள் கவனிக்க.)

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. மணிப்பூரின் இம்பாலில், பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் கூடி சாசோ என்ற அமைப்பைத் தொடங்கியது 1991 இல்.

அதே 1991, எங்கள் மாவட்டத்தில் அறிவொளியின் ஆண்டு. குவாரியில் கல்லுடைத்துக்கொண்டிருந்த அம்மா எழுத்தும் சைக்கிளும் கற்றது அந்த இயக்கத்தில்தான். பாதி எழுத்துகள் பிடிபட்ட நிலையிலேயே அடுத்த தெருப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். முழுதும் படித்த பின் வா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. போதை ஒழிப்புக் கூட்டங்கள் இன்று ஊருக்கு ஊர் நடக்கின்றன. நான் போன எதிலும் போதையாளன் ஒருவனை அழைத்து உட்காரவைத்துப் பார்த்ததில்லை.

சென்ற மாதம் அந்த இருவரில் ஒருவனைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். தலையைக் குனிந்துகொண்டான். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அது ஆறும்வரை கையில் வைத்திருந்தான். பிறகு, "முகத்துல தண்ணி தெளிச்சுப் பாத்தோம்ணே" என்றான்.