தீம் பார்க்குக்கு அடிக்கடி போறவங்க எதைப் பார்க்கிறாங்க?



ஏப்ரல் கடைசி வாரம் வந்தா போதும், எங்க ஓ.பி.யில் ஒரு கோரிக்கை தவறாம வரும். "சார், லீவுக்குப் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு தண்ணி பார்க் போறோம். வாந்தி மாத்திரை நாலு எழுதிக் குடுங்க."

மாத்திரை எழுதுறது பெரிய விஷயமில்ல. கூடவே சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. பின்னால நாற்பது பேர் வரிசையில் நிக்கும்போது அதைச் சொல்ல முடியாது. அதனால இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நான் ஒரு அரசு மருத்துவர். இந்த விஷயத்தில் எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு. வீட்டில் ரெண்டு வாண்டுகள், அக்கா வீட்டில் மூணு. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கொச்சி வொண்டர்லா, பெங்களூரு வொண்டர்லா, ஈ.சி.ஆர். வி.ஜி.பி. என்று கடந்த எட்டு வருஷத்தில் இருபது தடவைக்கு மேல் போயாச்சு. மனைவி சிரித்துக்கொண்டே சொல்வார், "உங்களுக்கு பி.ஜி. சீட் கிடைக்கலைன்னா என்ன, இதுல எம்.டி. முடிச்சிட்டீங்க."

ஆனால் இந்தப் பதிவு என்னை மாதிரி அடிக்கடி போறவங்களுக்கு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, சீட்டுப் பணம் எடுத்து, வேன் பிடித்து, பத்துப் பதினஞ்சு பேரா போற குடும்பங்களுக்கு. டிக்கெட், வேன் வாடகை, சாப்பாடு, லாக்கர் எல்லாம் கூட்டினா சின்னத் தொகை இல்லீங்க. அந்த ஒரு நாள் வரிசையிலும் வாந்தியிலும் போயிடக் கூடாது. அதைவிட முக்கியம், போன எல்லாரும் பத்திரமா வீடு வந்து சேரணும்.

முதலில் வரிசை விஷயம்.

கேட் திறந்ததும் கூட்டம் என்ன செய்யும்? கண்ணில் படும் முதல் ரைடில் போய் நிற்கும். பழகினவங்க அதைத் தாண்டி நேரா கடைசிக்குப் போயிடுவாங்க. பார்க்கின் பின்கோடியில் இருக்கும் பெரிய ரைடுகள் முதல் ஒரு மணி நேரம் காலியாகத்தான் இருக்கும். அங்கிருந்து முன்னோக்கி விளையாடிக்கொண்டே வரலாம். மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடிச்சிடுங்க. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பாட்டுக் கடையில் நிற்கும்போது ரைடு உங்களுக்குச் சும்மா கிடைக்கும்.

அடுத்து வயிறு.

நம் உள்காதில், ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கு. உள்ளே திரவம். தலை சுற்றும்போது அந்தத் திரவம் நகர்ந்து, "நீ சுத்திக்கிட்டு இருக்க" என்று மூளைக்குச் சொல்லும். கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் குமட்டல். ரைடு நின்ற பிறகும் அந்தத் திரவம் உடனே நிற்காது. அதனால்தான் இறங்கியதும் தரை சுத்துது. அந்த நிலையில் அடுத்த ரைடுக்கு ஓடினால் வாந்தி நிச்சயம். ஒரு சுழலும் ரைடுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்க. காலையில் பூரி, பொங்கல் வேண்டாம், இட்லி போதும். வெறும் வயிறும் வேண்டாம்.

கப்பல் மாதிரி ஆடும் ரைடில் வயிறு பயந்தவங்க நடுவில் உட்காரணும். ரெண்டு முனையிலும்தான் தூக்கிப்போடும். ரோலர் கோஸ்டரில் கடைசிப் பெட்டி அதிகம் தூக்கும். முன் பெட்டி கண்ணுக்குத்தான் பயம், வயிற்றுக்கு அவ்வளவு இல்லை.

சரி, அந்த வாந்தி மாத்திரை? பயண வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவைப்பவை. வேனில் தூங்கிக்கொண்டே போக அது நல்லதுதான். ஆனால் தண்ணீருக்குள் இறங்கப்போற குழந்தைக்குத் தூக்கக் கலக்கம் ஆபத்து. 2 வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தைக்கு ப்ரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. எந்த மாத்திரையா இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுட்டுக் குடுங்க.

இப்போ சறுக்கு.

உயரமான தண்ணீர்ச் சறுக்கில் கைகளை மார்பில் கட்டிக்க, கணுக்காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கச் சொல்வாங்க. பலரும் அதைக் கேட்கிறதில்ல. ஏன் சொல்றாங்க தெரியுமா? அவ்வளவு வேகத்தில் கால்களை விரித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தால், தண்ணீர் அழுத்தத்தோடு பிறப்புறுப்பு வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ உள்ளே பாய்ந்து காயப்படுத்தும். பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கூச்சப்படாம வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குக் காரணத்தோட சொல்லிக் குடுங்க.

உயர அளவுகோலும் அப்படித்தான். "எம் புள்ள பயப்பட மாட்டான் சார், விடுங்க" என்று ஊழியரிடம் சண்டை போடும் அப்பாக்களைப் பார்த்திருக்கேன். அந்தக் கோடு தைரியத்தை அளக்கிறதில்லைங்க. பாதுகாப்புக் கம்பி அந்த உடம்பைப் பிடித்து நிறுத்துமா என்பதை அளக்குது. அதே மாதிரி துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி எதுவும் ரைடில் வேண்டாம்.

நீச்சல் குளத்தில் கண் எரியும் அந்த வாசனை வருதே, அது வெறும் குளோரின் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன். இறங்குறதுக்கு முன்னாடி குளிக்கச் சொல்றது அதுக்குத்தான். வயிற்றுப்போக்கு இருக்கிற குழந்தையைத் தண்ணீரில் இறக்காதீங்க. கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி சில கிருமிகள் குளோரினையும் தாங்கும். மற்ற பிள்ளைகளும் பாவம் இல்லையா.

இனி சொல்லப்போறதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

ஒரு பார்க்கில் அலைக்குளம். மணி அடித்ததும் கூட்டம் திபுதிபுவென்று இறங்கியது. எனக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நாற்பது வயதுள்ள ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். திடீரென்று கையை நீட்டி ஒரு பையனின் தோளைப் பிடித்துத் தூக்கினார். அவர் பையன் இல்லை. எட்டு, ஒன்பது வயது இருக்கும். பையனின் அப்பா மூன்றடி தள்ளி, மறுபக்கம் திரும்பி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். பையன் கத்தவும் இல்லை, கையை ஆட்டவும் இல்லை. அந்த அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

அந்த அம்மாவிடம், "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "அடிக்கடி வருவோம் தம்பி. நான் அலையப் பாக்க மாட்டேன், புள்ளைங்க மூஞ்சியத்தான் பாப்பேன்" என்றார்.

மருத்துவமும் இதைத்தான் சொல்லுது. நியூயார்க் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, 1970-களில், மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போல் "காப்பாத்துங்க" என்று கத்துவதில்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். மூச்சு விடவே நேரம் இல்லாதவருக்குக் கத்த எங்கே நேரம்? கைகள் தானாகவே தண்ணீரைக் கீழே அழுத்தும், மேலே தூக்கி ஆட்ட முடியாது. உடம்பு நேராக நிற்கும். பார்க்கிறவனுக்கு விளையாடுவது போலத் தெரியும். இதெல்லாம் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும்.

அதனால் குடும்பத்தோடு போறவங்க ஒன்று செய்யுங்க. "எல்லாரும் பாத்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டாங்க. ஆள் பெயர் சொல்லி முறை வையுங்க. பதினஞ்சு நிமிஷம் மாமா, அடுத்த பதினஞ்சு நிமிஷம் சித்தி. முறையில் இருக்கிறவர் கையில் போன் கூடாது. சின்னப் பிள்ளைகள் கையெட்டும் தூரத்தில் இருக்கணும். காற்றடைத்த டியூப் லைஃப் ஜாக்கெட் ஆகாது. நீலச் சட்டை தண்ணீருக்குள் தெரியாது, ஆரஞ்சு போட்டு விடுங்க. காலையில் உள்ளே போனதும் பிள்ளைகளை அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்து வைங்க. தொலைந்தால் அடையாளம் சொல்ல அது போதும்.

அடுத்து, ரைடில் ஏறாதவங்க.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பாட்டி அல்லது பெரியம்மா, பை மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார். காலை ஆறு மணிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டிருப்பார். பிள்ளைகள் வரட்டும் என்று மூன்று மணி வரை சாப்பிட மாட்டார். பாத்ரூம் தூரம் என்று தண்ணீரும் குடிக்க மாட்டார். நிழல் நகர்ந்து போயிருக்கும், மூட்டையை விட்டு அவர் நகர மாட்டார். நான் பார்க்குக்குள் போனால் முதலில் கவனிப்பது இவர்களைத்தான்.

வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் என்றால் சர்க்கரை இறங்குகிறது என்று சந்தேகப்படுங்க. நினைவோடு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, பிறகு சாப்பாடு. வெயிலில் இருந்தவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது அவசரம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்க, 108-ஐக் கூப்பிடுங்க. முதலுதவி அறை எங்கே என்று காலையிலேயே பார்த்து வைங்க.

மூட்டையை லாக்கரில் போடுங்க. அந்தக் காசைப் பெரிசா நினைக்காதீங்க. இன்சுலினை வெயிலில் நிற்கும் வேனில் விட்டுட்டு வராதீங்க. ஓ.ஆர்.எஸ். பவுடர் ரெண்டு பாக்கெட் பர்ஸில் வைங்க. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்கணும், பாதி பாதியாக இல்லை. முடிந்தால், மெதுவாக மிதந்து போகும் ஆற்றில் பாட்டியையும் ஒரு சுற்று கூட்டிட்டுப் போங்க. எங்க அம்மா முதல் தடவை அதில் போனபோது சிரித்த சிரிப்பை நாங்க வேறெங்கும் பார்த்ததில்லை.

ரைடில் ஏறாத இன்னொருத்தர் இருக்கார். வேன் டிரைவர்.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஓட்டி வந்தவர். நீங்க விளையாடும்போது அவர் தகர ஷெட்டிலோ வண்டிக்குள்ளேயோ வேர்த்துக்கொண்டு கிடப்பார். ராத்திரி எல்லாரும் அசந்து தூங்கும்போது அவர் மட்டும் விழித்திருக்கணும். திரும்பி வரும் வேன் விபத்துகள் எந்த நேரத்தில் வரும் என்று இரவுப் பணி பார்த்த எந்த அரசு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். மஞ்சள் கலர் பார்க் கைப்பட்டை இன்னும் கழற்றாத கையில் ஊசி போட்டிருக்கேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மூடும் வரை இருந்தால்தான் காசுக்கு லாபம் என்று நினைக்காதீங்க. கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுட்டுக் கிளம்புங்க. டிரைவருக்கும் சாப்பாட்டுக்குக் காசு குடுங்க, மதியம் மின்விசிறி உள்ள இடத்தில் தூங்கச் சொல்லுங்க. கிளம்பும் முன், "தூங்கினீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. இல்லை என்றால் ஒரு மணி நேரம் தூங்க விட்டுக் கிளம்பலாம், பிள்ளைகள் அதுவரை ஐஸ்கிரீம் சாப்பிடட்டும்.

போயிட்டு வாங்க. நல்லா விளையாடுங்க.