மட்டை கழிக்க வந்தவர்

புரட்டாசி பிறந்துவிட்டால் பேராவூரணிப் பக்கம் மரம் ஏறுகிறவர்களைப் பிடிப்பது கஷ்டம். ஐப்பசி மழை இறங்குமுன் கொல்லைத் தென்னைகளைக் கழித்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே வாரத்தில் ஞாபகம் வரும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியதிலிருந்து அந்த ஞாபகத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் காய்க்காகக் கூப்பிட்டார்கள். இப்போது, "கொண்டையைக் கொஞ்சம் லேசாக்கி விடுங்க" என்று சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நான் போன வீடு வாய்க்கால் ஓரம். கொல்லை நீளமானது. தென்னைதான் அதிகம், நடுவில் ஒரு மா, வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் எலுமிச்சையும் வாழையும். வீட்டுக்கார அம்மாவை அத்தை என்று கூப்பிட்டேன், தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. மரம் ஏற வந்த அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. இடுப்புக்குப் பின்னால் அரிவாள், தோளில் கயிற்றுத் தளை, கையில் ஒரு முழ நீளக் கம்பிக் கொக்கி. இவ்வளவுதான் சாமான்.

வந்ததும் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஏறவில்லை. பனி ஈரம் காயட்டும் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு மரத்தடியாகப் போய், கீழே விழுந்து கிடப்பதைக் காலால் புரட்ட ஆரம்பித்தார்.

முதல் மரத்தடியில் கிடந்த இளங்காயை எடுத்துக் காம்புப் பக்கம் இருந்த ஓட்டையைக் காட்டினார். "எலி. மேல குடும்பம் நடத்துது." அந்த மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே தகரப் பட்டை சுற்றியிருந்தது. தகரத்தில் நகம் பிடிக்காமல் எலி வழுக்கிவிடும் என்பது கணக்கு. ஆனால் பக்கத்து மரத்து ஓலை இந்த மரத்து ஓலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எலிக்கு அதுவே பாலம். தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி விட வேண்டும் என்பது தோப்புக்காரர்கள் கடைப்பிடிக்கிற அளவு. கொல்லையில் யாரும் அளவு பார்ப்பதில்லை, இடம் கண்ட இடத்தில் கன்று வைத்துவிடுகிறோம்.

அடுத்த மரத்தடிக் குரும்பையில் ஓட்டை இல்லை. தொப்பியைப் பிய்த்தார். அதன் அடியில் வெளுத்த முக்கோணத் திட்டு, ஓரம் பழுப்பு. ஈரியோபைட் சிலந்தி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஜந்து. இந்தியாவில் 1998-இல் கேரளத்தில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நம் மரங்களுக்கும் பரவியது. அதற்கடுத்த மரத்தடியில் கிடந்தவற்றில் எந்தக் காயமும் இல்லை. அண்ணன் நிமிர்ந்து, "ஆவணி பூரா தண்ணி காட்டலையாக்கா?" என்றார். மோட்டார் கெட்டுக் கிடந்ததை அத்தை ஒப்புக்கொண்டார்கள்.

கொல்லையின் மூலையில் நின்ற மரத்திடம்தான் அவர் ரொம்ப நேரம் இருந்தார். தண்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து பழுப்பாக வடிந்து காய்ந்த சாறு, வாயில் மென்று துப்பிய மாதிரி நார். தண்டில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் வைக்கச் சொன்னார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. "உள்ள கடிக்கிற சத்தம். கறுக்கு கறுக்குன்னு" என்றார். சிவப்புக் கூன்வண்டு. காயம் பட்ட இடத்தில் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று உள்ளேயே வளரும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

"யாரு இதுல படி வெட்டுனது?"

அத்தை பதில் சொல்லவில்லை. நடுவில் ஒரு வருஷம் இவர் வர முடியாதபோது வேறு ஆளை வைத்துக் காய் இறக்கியிருக்கிறார்கள். அவர் ஏற வசதியாகத் தண்டில் கொத்துக் கொத்தாகப் படி எடுத்துவிட்டார். தென்னைக்குக் காயம் ஆறாது. மற்ற மரங்களைப் போலப் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை, கொத்திய இடம் சாகும்வரை கொத்திய இடம்தான். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால்கூட அடியிலிருந்து நான்கடி விட்டு வெட்டு என்று வேளாண் துறையினர் சொல்வது இதனால்தான். வெட்டுவாயில் முட்டையிட்டாலும் புழு தண்டுக்குள் இறங்குவதற்குள் மட்டை காய்ந்து விழுந்துவிடும்.

வெயில் ஏறியதும் தளையைக் காலில் மாட்டினார். கையால் தண்டை அணைத்துக்கொண்டு இரண்டு காலையும் ஒன்றாக மேலே இழுத்து, உள்ளங்காலால் தண்டை நெருக்கி, உடம்பை நிமிர்த்துகிறார். மறுபடி இழுப்பு, மறுபடி நிமிர்வு. மேலே போனதும் ஒரு மட்டைக்கு மேல் காலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு எனக்கு அவர் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

நம்மில் பலர் தென்னையை வாழ்நாள் முழுக்கக் கீழிருந்தே பார்க்கிறோம். அதன் குருத்தும் பாளையும் உச்சியில் இருக்கின்றன, நோய்கள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன. நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை காய் வெட்ட ஏறுகிறவர் ஒருவர்தான் அதை நேரில் பார்க்கிறார். அவர் காய்க்காக ஏறுகிறார் என்றுதான் நாம் கூலி பேசுகிறோம். பார்ப்பதற்குக் கூலி கிடையாது.

"வண்டு இருக்கு!" என்று மேலிருந்து சத்தம். கொக்கியைக் குருத்தின் இடுக்கில் விட்டுக் குத்தி இழுத்து, கறுத்துப் பளபளத்த கொம்பு வண்டு ஒன்றைக் கீழே போட்டார். காண்டாமிருக வண்டு என்பது இதைத்தான். விரியாத குருத்தைத் துளைத்துத் தின்னும். ஓலை விரிந்த பிறகு பார்த்தால் கத்தரியால் வெட்டின மாதிரி வரிசையாக முக்கோணம் முக்கோணமாக இருக்கும். அத்தை வேப்பம் புண்ணாக்குத் தூளில் இரண்டு பங்கு மணலைக் கலந்து வாளியில் கட்டி மேலே அனுப்பினார்கள். குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் அதைப் போட்டார். சிலர் அந்துருண்டை வைப்பதுண்டு. அதன் வீரியம் நாற்பத்தைந்து நாளில் தீரும், அடுத்த காய் வெட்டுக்கு ஏறும்போது புதிதாக வைத்துவிடலாம்.

இறங்கி வந்ததும் நேரே எருக்குழிக்குப் போனார். மண்வெட்டியால் ஓரத்தைக் கிளறியதும் விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. மேலே அகப்பட்ட வண்டின் பிள்ளைகள். "இங்க வளர்த்துவிட்டு அங்க மருந்து வைக்கிறோம்" என்றபடி கோழிகளைக் கூப்பிட்டார். அவை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த மரத்தில் தகராறு வந்தது. அத்தைக்கு வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போடப் பச்சைக் கீற்று வேண்டும். அதோடு மழைக்கு முன் மரம் லேசாகட்டுமே என்ற எண்ணமும் இருந்தது. "கீழ் வரிசையை அப்படியே இறக்கிருங்க தம்பி." அண்ணன் மறுத்துவிட்டார். காய்ந்து தொங்குகிற மட்டையை மட்டும் கழித்தார், பழைய பாளைகளையும் பன்னாடையையும் இழுத்துப் போட்டார், முற்றின குலைகளை வெட்டினார். பச்சையில் கை வைக்கவில்லை.

அவர் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நன்றாக இருக்கும் தென்னையில் முப்பது, நாற்பது மட்டை நிற்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று புதிதாக விரியும், ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் ஒரு பாளை. குலை கனக்கக் கனக்கக் கீழ் மட்டையின் மேல் சாய்ந்து உட்காரும். அந்த மட்டையை வெட்டினால் குலை பிடிமானம் இல்லாமல் மடிந்து தொங்கும், காம்பு நசுங்கும், காய் முற்றுமுன் உதிரும். அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு குலையின் முதல் முளை தண்டுக்குள் உருவாவதிலிருந்து காய் நெற்றாகி இறங்குவதுவரை ஏறத்தாழ 44 மாதங்கள். பாளை வெடித்த பிறகு நாம் பார்ப்பது கடைசிப் பன்னிரண்டு மாதத்தை மட்டும். இந்தப் புரட்டாசியில் பயந்துபோய் மரத்தை மொட்டையடித்தால் அதன் விளைவு அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் காய்ப்பில் தெரியும். அப்போது மண்ணைக் குறை சொல்வோம், மருந்துக் கடைக்காரரைக் கேட்போம்.

புயல் எச்சரிக்கை வந்தால் இளநீரையும் முற்றின காயையும் இறக்கிவிடுங்கள், அடி மட்டைகளைக் கழித்துத் தலைப் பாரத்தைக் குறையுங்கள் என்று அரசு அறிவிப்பு வரும். அது சரியான யோசனைதான். ஆனால் புயலுக்குச் சொன்ன வைத்தியத்தை வருஷா வருஷம் செய்வது வேறு விஷயம். கஜாவுக்குப் பிறகு இந்தப் பகுதியில் பல கொல்லைகளில் விளக்குமாற்றை நட்டுவைத்த மாதிரி மரங்கள் நிற்பதைப் பார்க்கிறேன்.

மத்தியானம் திண்ணையில் மோர் குடித்தபடி வருஷக் கணக்கைக் கேட்டேன். அவர் மாதம் மாதமாகச் சொல்லவில்லை, தண்ணீரைச் சுற்றியே பேசினார். மாசி பிறந்தால் பாத்தி. தண்டிலிருந்து ஆறடி தூரத்துக்கு வட்டமாக எடுத்து, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண் தள்ளிவிட்டால் சில வருஷங்களுக்கு ஈரம் பிடித்துக்கொள்ளும். "மட்டையை வித்துட்டு அப்புறம் தண்ணி பத்தலைன்னு சொல்றாங்க." சித்திரை, வைகாசியில் காய் அதிகம் இறங்கும், மரம் களைத்திருக்கும். ஆனி, ஆடியில் ஒரு பங்கு உரம், மார்கழி, தையில் இன்னொரு பங்கு. ஐந்து வயது தாண்டிய மரத்துக்கு வருஷத்துக்கு ஐம்பது கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை; பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். அத்தை வீட்டில் சாம்பலும் சாணியும்தான் போகின்றன. அண்ணன் அதைக் குறை சொல்லவில்லை, தண்டை ஒட்டிக் குவிக்காமல் தள்ளிப் போடச் சொன்னார். தின்கிற வேர் அங்கேதான் இருக்கிறதாம்.

மற்ற மரங்களுக்கு அவர் அவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை. மாமரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த கிளைகளையும் பட்டுப்போன குச்சிகளையும் கழித்தார். காய்ப்பு முடிந்த கையோடு, மழை பலக்குமுன் செய்ய வேண்டிய வேலை அது. பூக்கிற தருணத்துக்கு முன் இரண்டு மாதம் அதற்குத் தண்ணீர் விடாதீர்கள் என்றார். முருங்கையில் ஏறுவதே கிடையாது, எந்தக் கிளை எப்போது முறியும் என்று தெரியாது. தரையில் நின்றே இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார். வெட்டுவாயில் சாணியை அப்பினார். அது துளிர்த்துவிடும், முருங்கையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மழைக்காலக் கம்பளிப்பூச்சியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

வாழை இலைகள் கரி பூசினாற்போல் இருந்தன. சாப்பிட இலை அறுக்க முடியவில்லை என்றார்கள் அத்தை. கோளாறு வாழையில் தொடங்கவில்லை. மேலே தென்னை ஓலையின் அடியில் சுருள் வெள்ளை ஈ வட்டவட்டமாக முட்டையிட்டு, சாறு உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொட்டுகிறது. அதன்மேல் கரும்பூஞ்சாணம் படர்கிறது. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட பூச்சி இது. மருந்தடித்தால் இதைத் தின்று கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற சிறு குளவியும் செத்துப்போகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கலாம், மைதாக் கஞ்சி தெளித்தால் கரி உரிந்து விழும். ஆனால் ஐம்பது அடி உயரத்துக்கு யார் பீய்ச்சுவது?

இந்தக் கேள்வி தொழிலைப் பற்றிய கேள்வியும்கூட. அண்ணனின் பையன்கள் இருவரும் ஏறுவதில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவர்கள். கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் இளைஞர்களுக்கு ஏறும் கருவியில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது; காலை வைத்து மிதித்து மிதித்து ஏறுகிற அந்த இரும்புக் கருவி இங்கும் கிடைக்கிறது. அண்ணன் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறார். "நேரா நிக்கிற மரத்துக்கு நல்லா இருக்கு. கொல்லை மரம் எது நேரா நிக்குது?" பொள்ளாச்சிப் பக்கம்போல நீளக் கழியில் அரிவாளைக் கட்டிக் கீழே நின்றே வெட்டுவதும் இங்கே வந்துவிட்டது. காய் வந்துவிடும். குருத்தில் வண்டு இருப்பது தெரியாது.

கஜாவுக்குப் பிறகு வைத்ததில் நிறையக் குட்டை ரகமும் ஒட்டு ரகமும். அத்தை கொல்லையிலும் இரண்டு, கைக்கு எட்டும் உயரத்தில் குலை தள்ளியிருக்கின்றன. பேரப்பிள்ளைகளே பறிக்கிறார்கள். அண்ணன் அந்த இரண்டையும் விடவில்லை. அரிவாளின் முனையால் குருத்தை விலக்கிப் பார்த்து, "இதுக்கு நான் தேவையில்லை, ஆனா யாராவது குனிஞ்சு பார்க்கணும். வண்டுக்கு இளங்குருத்துன்னா உயிர்" என்றார்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தார்கள். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி, மரத்துக்கு இரண்டு காய். மூலை மரத்தில் ஏறவில்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை. அதன் நடுக்குருத்து சாய்ந்துவிட்டது, இனி வைத்தியம் பலிக்காது, வெட்டிப் பிளந்து புழுவோடு எரிக்க வேண்டும் என்றார். தீபாவளி போகட்டும் என்றார்கள் அத்தை.

"அதுக்குள்ள வண்டு வெளிய வந்து பக்கத்து மரத்துக்குப் போயிடும்க்கா."

"அப்ப அடித்துண்டையாவது வச்சுக்கிறேன். மாட்டுக் கொட்டகைக்கு வாரை ஆகும்."

"அறுத்து வாரையாக்கினா சரி. அப்படியே உருட்டிப் போட்டு மழையில ஊறவிட்டா கொம்பு வண்டு அதுல குடிவரும்."

வெள்ளிக்கிழமை மரம் வெட்டக் கூடாது, வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ரம்பத்துக்காரரையும் கூட்டி வருவதாக அண்ணன் சொன்னார். வேரையும் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்று அத்தை சேர்த்ததும், அது தனிக் கூலி என்றார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அந்தக் கூலி இன்னும் முடிவாகவில்லை.