எந்த மொழியால் முடியும்?

கணிப்பொறியியல் பயிலும் எனக்குப் பாடநூலின் விதிகளைவிட அவை பிறந்த கதைகளே மிகுதியும் இனிக்கின்றன. அவற்றுள் ஒன்றை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணிப்பொறி மொழிகளிடையே ஓர் ஏற்றத்தாழ்வு இருந்தது. கணக்குப் போட ஃபோர்ட்ரான், அல்கால் போன்ற உயர்நிலை மொழிகள் போதும்; பொறியையே ஆளும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதவோ அசெம்பிளி மொழிதான் வேண்டும் என்றனர் பலர். காரணம் இல்லாமல் இல்லை. அந்நாளில் நினைவகம் விலை மிக்க பொருள். கம்பைலர் ஆக்கித் தரும் கட்டளைகள் நீளும், மெல்ல ஓடும் என அவர்கள் அஞ்சினர்.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் வேறு வழி கண்டது. மொழி பொறிக்குப் பொருந்தாவிட்டால், பொறியை மொழிக்குப் பொருத்தினால் என்ன? ராபர்ட் பார்ட்டன் முதலானோர் அல்கால் 60-ஐ மனத்திற்கொண்டு வடித்த பி 5000 பொறி 1961-இல் அறிவிக்கப்பட்டது. தட்டுகளை அடுக்கி மேலிருந்து எடுப்பது போன்ற ஸ்டாக் முறை அதன் உயிர்நாடி.

அதன் வழிவந்த பி 5500, 1964-இல் வந்தது. அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டமாகிய எம்.சி.பி.யை எஸ்பால் என்னும் மொழியில் எழுதினர். எஸ்பால் புதுமொழி அன்று, அல்காலின் விரிவே. நினைவகத்தை நேரே தொடவும் கருவிகளின் குறுக்கீட்டை ஏற்கவும் வேண்டிய வசதிகளை அல்காலில் சேர்த்தனர், அவ்வளவே. அப்பொறியின் நினைவகமோ, 48 பிட் கொண்ட சொற்கள் 32,768-க்கு மேல் கொள்ளாதது!

அதே காலத்தில் ஐ.பி.எம். தன் ஓ.எஸ்/360-ஐப் பெரும்பாலும் அசெம்பிளியிலேயே எழுதியது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய பிரட் புரூக்ஸே, இத்தகைய வேலைக்கும் உயர்நிலை மொழியே ஏற்றது என 1975-இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார். இதற்கிடையே மல்டிக்ஸ் பி.எல்/1 மொழியில் எழுந்தது. 1973-இல் யூனிக்ஸ் சி மொழிக்கு மாறியது. பழைய ஐயம் மெல்ல மறைந்தது.

விடுதியில் நண்பர் எவரேனும், "தமிழில் அறிவியலை எழுத முடியுமா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு எஸ்பால் நினைவுக்கு வரும். அல்காலால் முடியுமா என்று பரோஸ் பொறியாளர் வாதாடிக்கொண்டே இருக்கவில்லை. இல்லாத சொல்லைச் சேர்த்தனர். எழுதி ஓட்டிக் காட்டினர். மொழியின் ஆற்றல் அதை ஆள்வோரின் துணிவில் இருக்கிறது.

நண்பர்களே, நீங்கள் பயிலும் துறையைப் பற்றி அடுத்த இதழுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் ஒன்றைப் படைத்துக்கொள்ளுங்கள்.