சுபுஹுக்குப் பின் தேவிகாபுரம்

ஆரணிப் பட்டு என்றதும் உங்கள் வீட்டுப் பெண்மணிகளின் முகம் மலரும். அந்தப் பட்டை நெய்யும் ஊர்களுள் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்துத் தேவிகாபுரம். ஊரை ஒட்டிக் கனககிரி என்னும் குன்று, கீழே விசயநகர காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலின் நெடுமதில், தெருக்களில் தறியோசை. அவ்வூருக்கு நான் சென்றது சுற்றிப் பார்க்க அன்று. முதியவர் ஒருவரைத் தடுத்து நிறுத்தச் சென்றேன்.

அவர் என் தாய்மாமா. ஆரணியில் வசிக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 73. மாமி மவுத்தான பின் ஓராண்டுக் காலம் சாய்வு நாற்காலியில் சுவரைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார். உணவு வைத்தால் உண்பார். கேட்டால் விடை சொல்வார். அவ்வளவுதான். பின்னர் கண்புரைக்கு அறுவை நடந்தது. விடுமுறையில் வளைகுடாவிலிருந்து வந்த மகன், தன் பழைய டிஜிட்டல் கேமராவை வீட்டிலேயே விட்டுச் சென்றான். அது முதல் மாமாவைக் காலையில் வீட்டில் காண்பது அரிதாயிற்று.

வாரம் இருமுறை முதல் பேருந்தில் தேவிகாபுரம் சென்றுவிடுகிறார் என்றும், ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிற்று என்றும், "இந்த வயதில் இதென்ன விளையாட்டு?" என்று தெருவில் பேசுகிறார்கள் என்றும் மாமாவின் மூத்த மகன் எனக்குத் தொலைபேசியில் முறையிட்டார். "உங்கள் சொல்லை வாப்பா தட்டமாட்டார் மச்சான். படம் எடுப்பது கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்."

மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்கு இப்படியும் பணி வந்து சேர்வதுண்டு!

தை மாதத்து விடியலில் சுபுஹுத் தொழுதுவிட்டு இருவரும் புறப்பட்டோம். மாமாவின் தோளில் துணிப்பை; அதில் கேமரா, தண்ணீர்ப் புட்டி, நெல்லிக்காய் நான்கு. இருபுறமும் மல்லாட்டை விதைத்த வயல்கள். அறிவுரையை எவ்விடத்தில் தொடங்கலாம் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில் அவரே பேசினார்.

"வானம் இவ்வளவு நீலம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன் மாப்பிள்ளை."

அறுவைக்குப் பின் அவர் கண்ட முதல் வியப்பு அது. முதுமையில் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளிக்கிறது. நீல ஒளியை அது வடிகட்டி விடுகிறது. மாற்றம் ஆண்டுக்கணக்கில் நிகழ்வதால் இழப்பது நமக்குத் தெரிவதில்லை. பழைய வில்லையை அகற்றியதும் நீலம் திரும்பி வருகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே, 82 வயதில், 1923இல் இவ்வறுவை செய்துகொண்டு, தாம் முன்னர் தீட்டிய வண்ணங்களைக் கண்டு திகைத்தார் என்பர். மாமாவுக்கோ அந்த நீலத்தைப் பிடித்து வைக்க ஒரு கருவியும் உடன் கிடைத்தது.

ஏரிக்கரையில் இறங்கினோம். வடகிழக்குப் பருவமழை நிறைத்த நீர் அசைவற்றுக் கிடந்தது. பனைகள் தலைகீழாய் நின்றன. மாமா ஒரு புளியமரத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்தினார். கேமரா உடனே இயங்கவில்லை. இரண்டு நொடி கழித்தே ஒலித்தது. விரல் அழுத்துகையில் கை நடுங்கும். அந்நடுக்கம் படத்தில் ஏறாதிருக்கவே இந்தத் தாமத ஏற்பாடாம். முக்காலி சுமக்க இயலாத முதியோருக்கு மரமே முக்காலி என்றார். உங்கள் கைபேசியிலும் இவ்வசதி உண்டு. நேரங்காட்டி என்னும் குறியைத் தேடிப் பாருங்கள்.

கதிரவன் ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். உச்சி வெயிலில் நிழல் கறுத்து நிறம் வெளிறிவிடும். ஒளி சாய்ந்து மென்மையாக விழுவது காலையிலும் மாலையிலும்தான். "சுபுஹுக்குப் பின் கொஞ்ச நேரம், அஸருக்குப் பின் கொஞ்ச நேரம். நமக்கென்றே வகுத்தது போல இல்லையா?" என்று சிரித்தார். மாமி மறைந்த பின் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுவே. என் அறிவுரை தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

கேமராவின் கதையில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. பஸ்ராவில் 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், இருட்டறையின் சிறுதுளை வழியே ஒளி புகுந்து எதிர்ச்சுவரில் வெளிக்காட்சியை வீழ்த்துவதை ஆராய்ந்தார். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. இன்றும் கேமரா என்பது துளையிட்ட ஓர் இருட்டறைதானே!

முதுமையையும் கேமராவையும் சேர்த்து எண்ணும்போது மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். 1912இல் பிறந்த இத்தமிழர், காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் படம்பிடித்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல், 83 வயதில், மறையும் வரை எழுதினார். யாரும் அவரைப் பார்த்து வயதைச் சொல்லி வீட்டிலிரும் என்று கூறியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்குமோ!

நெசவாளர் தெருவுக்கு வந்தோம். தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தனர். ஆயிரக்கணக்கான இழைகளினூடே இளவெயில் ஒழுகிற்று. மாமா அதனருகே குனிந்து நின்றார். ஆட்கள் நகரும் வரை காத்திருந்து இழைகளை மட்டும் எடுத்தார். மனித முகம் எதையும் அவர் இதுவரை எடுத்ததில்லை.

ஏறக்குறைய மாமாவின் வயதுடைய நெசவாளர் ஒருவர் நிமிர்ந்தார். "வாரா வாரம் வர்றீங்க பாய். நூலை எடுக்கறீங்க, பனைமரத்தை எடுக்கறீங்க. எங்களை எடுக்க மாட்டீங்களா? எனக்கப்புறம் இந்த வீட்ல தறியில உட்கார ஆள் கிடையாது."

அவர் பிள்ளைகள் இருவரும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டனராம். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் என்னிடம் கேட்ட அந்த 'ஒரு வார்த்தை'க்கு உரிய இடம் இதுவே.

உயிருள்ளவற்றைப் படமாக்குவது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கையால் உருவம் வரைவது வேறு, கண்ணாடி போல ஒளியைப் பதிவது வேறு என்போர் உளர். இரண்டும் ஒன்றே என்று தவிர்ப்போரும் உளர். மரத்துக்கும் மலைக்கும் நீருக்கும் அந்தத் தடையில்லை. மாமா பேணுதலின் பக்கம் நிற்பவர். அதை நான் உடைக்க விரும்பவில்லை. எதிரில் நின்றவரின் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

"மாமா, அவருடைய கைகளை எடுங்களேன்" என்றேன்.

நெசவாளர் மீண்டும் பாவின் மேல் குனிந்தார். கட்டை விரலும் சுட்டு விரலும் ஓர் இழையை முறுக்கி முடிந்தன. நகக்கண்களில் சாயம் ஏறியிருந்தது. மாமா சுவரில் சாய்ந்து, மூச்சடக்கி, ஒரு முறைதான் அழுத்தினார்.

மறு மாதம் ஆரணியில் அப்படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மீண்டும் போனோம். நெசவாளர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தம் கைகளை ஒரு முறையும் படத்தை ஒரு முறையுமாகப் பார்த்தார். "எங்கப்பா கை மாதிரியே இருக்கு" என்றார். பிறகு உள்ளே சென்று, தறிக்குழியில் அமர்ந்தால் கண்ணுக்கு நேரே தெரியும்படி அதைச் சுவரில் செருகி வைத்தார். மாமா நெல்லிக்காய் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அன்றிரவே மச்சான் தொலைபேசியில் கேட்டார்: "வாப்பாவிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். ஈரம் காயும் வரை ஏரிக்கரைச் சரிவில் இறங்கக் கூடாது என்று சொன்னேன். வழுக்காத அடி வைத்த செருப்பு ஒரு சோடி வாங்கி வையுங்கள் மச்சான். அவருக்கு எட்டாம் எண்."