படகு என்னும் பட்டணம்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சில மைல்கள் முன்னதாக, வத்திராயிருப்புக்குப் பாதை பிரியும் இடத்தில் இருக்கிறது நம் கிருஷ்ணன்கோவில். 1984-ஆம் வருஷம் இங்கே பொறியியற் கல்லூரி ஏற்பட்டது முதல் வெளி மாகாணத்துப் பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். தெலுங்கு தேசத்துப் பையன் ஒருவன் சாயங்கால வேளையில் தேநீர்க் கடைக்கு வந்து, பண்டத்தின் பெயர் தெரியாமல் கண்ணாடிப் பெட்டியை விரலால் சுட்டிக் காட்டுவான். கடைக்காரர் வேடிக்கைக்காக வடையை விட்டுவிட்டு பஜ்ஜியை எடுத்து நீட்டுவார். அதைக் கண்டு சிரித்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஏனெனில், 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், போலந்து தேசத்தில், ஒரு ரொட்டிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று நாமும் அதே விரலை நீட்டும்படி நேர்ந்தது.

நம் தங்கையும் மாப்பிள்ளையும் அந்தத் தேசத்தில் குடியேறி ஏழு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு கம்பெனியில் கணக்கு உத்தியோகம். தங்கை இரண்டாவது பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருக்க வேண்டியவள். ஆனால் அது அவர்களுடைய வசிப்பு அனுமதி காலாவதியாகி, புதிய அட்டைக்கு மனுக் கொடுத்திருந்த சமயம். மனு நிலுவையில் இருக்கும் வரையில் அந்நாட்டில் இருக்கலாம். ஊருக்குப் புறப்பட்டு விட்டாலோ, திரும்பிச் செல்ல மறுபடியும் விசாவுக்கு நிற்க வேண்டும். "அண்ணா, நான் வருவதற்கில்லை. மதினியை அழைத்துக்கொண்டு நீங்களாவது வாருங்கள்" என்று டெலிபோனில் அழுதாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு, தொண்ணூறு நாள் விசாவுடன் நாமும் நம் இல்லாளும் விமானம் ஏறினோம். பால்கோவா கொண்டு போகவில்லை. வெளிநாட்டுப் பிரயாணி பால் பண்டம் எதையும் மூட்டையில் எடுத்து வரலாகாது என்பது ஐரோப்பியக் கூட்டமைப்பின் சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று வாதாடினாலும் சுங்கக்காரர் செவிசாய்க்கப் போவதில்லை.

நகரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'லோட்ஸ்' என்று வரும். ஊரார் வாயில் அது 'வூச்'. அந்தச் சொல்லுக்குப் படகு என்று பொருள். நகரின் சின்னத்திலும் ஒரு படகும் துடுப்பும் உண்டு. ஆனால் படகு விடும்படியான நதி கிடையாது. இருந்த ஓடைகளையும், ஆலைகள் பெருகிய காலத்தில் பூமிக்குள் மூடிவிட்டார்கள். 1820-இல் எண்ணூறு பேர்கூட இல்லாத சிற்றூர், பஞ்சாலைகளின் பலத்தால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று லட்சம் ஜனங்களுள்ள பட்டணமாகிவிட்டது. போலிஷ்காரர், யூதர், ஜெர்மானியர், ருஷ்யர் ஆகிய நால்வரும் வந்து கூடிய ஊர். யூதர்களை 1940-இல் ஜெர்மன் நாஜிகள் வேலிக்குள் அடைத்து, பின்பு கொலைக்களங்களுக்கு ரயிலேற்றினார்கள். பொஸ்னான்ஸ்கி என்னும் யூத முதலாளியின் மாபெரும் செங்கல் ஆலை இன்றும் நிற்கிறது. 2006 முதல் அது கடைவீதி. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லின் சங்கொலியைக் கேட்டு வளர்ந்த உறவினர் பலர் நமக்கு உண்டு. ஆகையால் அந்தச் செங்கற் சுவர்களைப் பார்த்ததும், ஏதோ அறிந்த ஊருக்கே வந்துவிட்டோம் என்ற பிரமை உண்டாயிற்று. அது ஒரு நாள்தான் நிலைத்தது.

குளிரைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கம்பளி இருக்கிறது. இருட்டுக்கு என்ன செய்வது? டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்து விடுகிறான். விளக்கேற்றும் நேரம் எது என்று தெரியாமல் நம் இல்லாள் முதல் வாரம் முழுவதும் தவித்தாள்.

வீட்டுக்குள்ளே மட்டும் அவ்வளவு அந்நியம் இல்லை. போலிஷ்காரர் வாசலிலேயே பாதரட்சையைக் கழற்றி விடுகிறார்கள். வாசற்படியின் இருபுறமும் நின்றுகொண்டு கை குலுக்கினால் ஆகாது என்கிறார்கள். நிலைப்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று நம் பாட்டி சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பூச்செண்டு கொடுத்தால் பூக்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். நூற்றொரு ரூபாய் மொய் எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டு விஷயத்திலும் நாம் பட்டினி கிடக்கவில்லை. 'பால் கடை' என்று பெயர் கொண்ட மலிவான போஜனசாலைகள் அங்கே உண்டு. முதலாவது 1896-இல் வார்ஸாவில் தோன்றியதாம். இப்போதும் சர்க்கார் மானியம் கொடுக்கிறது. உருளைக்கிழங்கையும் வெண் பாற்கட்டியையும் பூரணமாக வைத்து மடித்து வேகவைக்கும் 'பியெரோகி' என்பது சாட்சாத் நம் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரன். 'மஷ்லான்கா' என்பது மோர். ஆனால் கொழுக்கட்டையின் மேல் பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவி விடுவார்கள்! ஆகையால் நாம் முதன்முதல் கற்ற போலிஷ் வாக்கியம், 'இறைச்சியில்லாமல்' என்பதே. 'மியென்சோ' என்றால் இறைச்சி. 'இல்லாமல்' என்று சேரும்போது அது 'மியென்சா' ஆகிவிடும். நாம் மியென்சோ என்றே சொன்னோம். பரிமாறுகிற அம்மாள் இன்னும் ஒரு கரண்டி கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்தாள்.

அன்று முதல் இலக்கணத்தின் மீது நமக்குத் தனி மரியாதை பிறந்தது. போலிஷ் பாஷைக்கு வேற்றுமை ஏழு. நமக்கோ எட்டு. இருபது வருஷமாக வேற்றுமையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிற வாத்தியார், எட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைக் கண்டு பயப்படுவதா? மரம், மரத்தில் என்று மாறுவதுபோல், வூச் என்ற ஊர் 'வூச்சில்' என்று சொல்லும்போது 'வோஜி' என்று உருவம் மாறும். இன்னொரு விசேஷம்: அங்கும் ஒருவகைத் திணை உண்டு. பன்மையில் ஆண்மக்கள் ஒரு திணை. பெண்கள், குழந்தைகள், நாய்கள், நாற்காலிகள் எல்லாம் மற்றொன்று! கூட்டத்தில் ஓர் ஆண் இருந்துவிட்டால் கூட்டம் முழுவதும் உயர்ந்த திணைக்கு ஏறிவிடும். பெண்ணை உயர்திணையில் வைத்த தொல்காப்பியருக்கு அன்று மானசீகமாக ஒரு நமஸ்காரம் செய்தோம். இல்லாள், "அதற்காக ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்" என்றாள்.

நம் உபாத்தியாயினி யார் என்று சொல்லவில்லையே. தங்கையின் ஆறு வயது மகள்தான். அவளிடம் ஒரு குறை இருந்தது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து தமிழைக் கைவிட்டிருந்தாள். தாயார் தமிழில் கேட்பதற்குப் போலிஷில் பதில் சொல்வாள். டிராமில் தமிழ் பேசினால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "வீட்டிலும் போலிஷே பேசுங்கள், குழந்தைக்கு நல்லது" என்று யாரோ யோசனை சொல்ல, தங்கையும் தளர்ந்து போயிருந்தாள். நாம் வாத்தியார் தோரணையில் அ, ஆ எழுதிக் காட்டினோம். குழந்தை நம் போலிஷ் நோட்டை எடுத்து, அங்கே வழங்கும் ஒன்று முதல் ஆறு வரையிலான மதிப்பெண்களில் நமக்கு இரண்டு போட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

இந்நிலையில் எதிர் வீட்டு அம்மையாரிடம் நாம் ஒரு பிழை செய்தோம். அக்டோபர் கடைசியில் தெருமுனைதோறும் செவந்திப் பூத்தொட்டிகள் குவிந்திருந்தன. ஆண்டாள் மாலை சூடிய ஊருக்கு அடுத்த ஊர்க்காரருக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக மனம் வருமா? அழகிய தொட்டி ஒன்று வாங்கி, எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, 'ஜேன் டோப்ரி' என்று முகமன் கூறிக் கையில் கொடுத்தோம். அம்மையார் முகம் வெளுத்தது, ஆயினும் வாங்கிக்கொண்டாள். செவந்தி அந்நாட்டில் கல்லறைக்கு வைக்கும் பூ என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகே தெரிந்தது.

நவம்பர் முதல் தேதி, இறந்தோரை நினைக்கும் நாள். நகரமே மயானத்தில் இருந்தது. லட்சோப லட்சம் தீபங்கள், நம் திருக்கார்த்திகை போல. நம் குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்ற அம்மையார், ஒரு கல்லின் முன் நின்றாள். அவளுடைய புருஷன் கல்லறை. அதன்மேல் நாம் கொடுத்த தொட்டி இருந்தது.

அதற்குப் பின் சாயங்காலங்களில் அவள் வரத் தொடங்கினாள். ஆலையில் நெசவு செய்தவள். நம் வேஷ்டியின் விளிம்பை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து நூலின் தரத்தைச் சொன்னாள். 'க்ருஃப்கா' என்ற மிட்டாயைக் கொடுத்தாள், பாலும் சர்க்கரையும் சுண்டிய அந்த மிட்டாய் வாயில் கரைந்ததும் தங்கை, "அண்ணா, பால்கோவா!" என்று கூவினாள். அம்மையார் சொன்ன கதைகள்தாம் எத்தனை! 1970 டிசம்பரில் சர்க்கார் உணவு விலையை உயர்த்தியது, கடற்கரைப் பட்டணங்களில் கிளர்ச்சி செய்த தொழிலாளரைச் சுட்டார்கள், விலை இறங்கவில்லை. 1971 பிப்ரவரியில் வூச் நகரத்து நெசவுப் பெண்கள் தறிகளை நிறுத்தினார்கள். பிரதம மந்திரியே நேரில் ஓடி வந்தார், விலை இறங்கிற்று. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. 1981-இல் ரேஷன் சீட்டு இருந்தும் கடையில் பண்டம் இல்லாதபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களின் பட்டினி ஊர்வலத்தில் நடந்திருக்கிறாள். அந்த வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி ராணுவச் சட்டம் வந்தது. நம் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி வார்ஸா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த காலம் அது. 1986 வரையில் அங்கிருந்தார். போலந்தைக் களமாகக் கொண்ட அவருடைய 'ஏசுவின் தோழர்கள்' நாவலை ஊரில் படித்திருந்தும், காலிக் கடை என்றால் என்னவென்று அம்மையார் சொல்லித்தான் விளங்கிற்று.

நவம்பர் 11, அவர்களுடைய சுதந்திர தினம். 1795 முதல் 1918 வரை 123 வருஷம் மூன்று அரசுகள் அந்தத் தேசத்தைப் பங்கு போட்டு ஆண்டன. 1901-இல் வ்ஜெஷ்னியா என்னும் ஊரில், மத பாடத்தை ஜெர்மன் பாஷையில் ஒப்பிக்க மறுத்த பள்ளிக் குழந்தைகளைப் பிரம்பால் அடித்தார்கள். அம்மையார் இதைச் சொல்லும்போது, நமக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவள் மருமகள். "மாமா, அந்தப் பிள்ளைகளை வாத்தியார் அடித்தார். ஏனென்றால்... ஏனென்றால்..." என்று சொல் கிடைக்காமல் தவித்தாள். நாம் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில், "அவங்க வீட்டுப் பேச்சைப் பேசினாங்க" என்று முடித்தாள். பதிலுக்கு நாமும் ஒரு கதை சொன்னோம். இரண்டாவது மகா யுத்தத்தில் அகதிகளான போலிஷ்காரர் சுமார் ஐயாயிரம் பேர் கோலாப்பூர் அருகே வலிவடே முகாமில் 1943 முதல் சில வருஷம் வாழ்ந்ததையும், வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலிஷ் மாது உமாதேவி என்று பெயர் பூண்டு 1944-இல் சென்னையில் போலிஷ்-இந்திய நூல்வரிசை ஒன்றைத் தொடங்கியதையும். இவற்றைப் போலிஷில் சொன்னவளும் குழந்தைதான். எங்கள் இருவருக்கும் வாய் இல்லாததால், நாளுக்கு இரண்டு மணி நேரம் அவளுக்குத் தமிழ் வேண்டியதாயிற்று. அ, ஆ எழுதின நோட்டு மூலையில் கிடந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில், சொன்ன தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாக, நள்ளிரவில் தங்கைக்கு வலி கண்டது. மாப்பிள்ளை அலுவல் காரணமாக வார்ஸா போயிருந்தார். வெளியே பனி கொட்டுகிறது. தங்கை இரண்டு அடி எடுத்து வைத்து மயங்கிச் சாய்ந்தாள். இல்லாள் அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு நம்மைப் பார்த்தாள். கைப்பேசியில் மொழிபெயர்க்கும் கருவி உண்டு என்பதை அறிவோம். அந்தக் கைப்பேசி அப்போது எங்கே கிடந்தது என்பதைத்தான் அறியோம். ஓடிப்போய் எதிர்க் கதவை இரண்டு கைகளாலும் தட்டினோம். கதவு திறந்ததும், ஏழு வேற்றுமையும் பறந்துவிட்டன. வாயில் வந்தவை மூன்று சொற்கள்: "ஷோஸ்த்ரா... ஜெட்ஸ்கோ... தெராஸ்." சகோதரி, குழந்தை, இப்போது.

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டே டெலிபோன் செய்தாள். ஆம்புலன்ஸ் வரும் வரை தங்கையின் காலடியில் அமர்ந்து, அவளுக்கே உரிய பாஷையில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு தூங்கும் குழந்தைக்குக் காவலாகத் தங்கிவிட்டாள். விடியற்காலையில் பெண் பிறந்தது. தாயும் சேயும் க்ஷேமம். ரத்தப்போக்கு இருந்ததென்றும், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றும் டாக்டரம்மாள் கூறியதை மாப்பிள்ளை வந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

ஜனவரியில் புறப்பட்டோம். விடைபெறுவதற்காக எதிர் வீட்டு வாசலில் நின்று நாம் கையை நீட்டினோம். அம்மையார் தலையை அசைத்து மறுத்து, நம் மணிக்கட்டைப் பற்றி நிலைப்படிக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள். அதன் பின்பே குலுக்கினாள். மருமகள் பின்னாலிருந்து, "மாமா, செருப்பு!" என்றாள்.