பாட்டிக்கு அளவெடுத்து ஒரு ஜமக்காளம்!

ஏற்காடுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரியில படகு, லேடீஸ் சீட், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி... அதோட வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கிடுவீங்க, சரியா? இந்த வாரம் கொஞ்சம் உள்ளே தள்ளி, நாகலூர் பக்கம் வாங்க. வானத்தைத் தொடுற சில்வர் ஓக் மரங்கள், அதைக் கட்டிப்பிடிச்சு ஏறுற மிளகுக் கொடி, நிழல்ல காப்பிச் செடி. 20 கொண்டை ஊசி வளைவுல வந்த தலைசுத்தல் அந்தப் பச்சையில காணாமப் போயிடும். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி, இன்னிக்கும் இங்கே பல வீட்டுல அடுப்பு எரிய வைக்குது.

சரி, நம்ம விஷயம் தரையில இருக்கு!

நண்பனோட வீடு நாகலூர்ல. பளபளன்னு தேய்ச்ச சிவப்பு சிமென்ட் தரை. பார்க்க அழகுதான். ஆனா, டிசம்பர் ராத்திரியில கால் வெச்சா, ஐஸ் கட்டி மேல நிக்குற மாதிரி இருக்கும். அவனோட பாட்டிக்கு வயசு 78. நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டாங்க. ஜன்னலோரம் தரையில காலை நீட்டி உட்கார்ந்து, மிளகு உருவுறதுதான் அவங்க ஆபீஸ். போன குளிர்காலத்துல, வழவழன்னு ஒரு நைலான் விரிப்பு காலடியில சறுக்கி, பாட்டி விழுந்துட்டாங்க. இடுப்பு தப்பிச்சது, மணிக்கட்டு தப்பலை. அதுல இருந்து, 'எனக்கு வெறும் தரையே போதும்டா சாமி'ன்னுட்டாங்க.

நண்பனுக்கு முதல் மாச சம்பளம் வந்துச்சு. "மச்சி, பாட்டிக்கு ஒரு சூப்பர் கார்பெட் வாங்கணும், வா!"

சேலத்துல ஏறி இறங்கினோம். முதல்ல அவன் கண்ணுல பட்டது புசுபுசுன்னு நாய்க்குட்டி மாதிரி ஒரு கார்பெட். யோசிச்சுப் பார்த்தோம். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போற ஊர் அது. அந்த ஈரத்தை இந்த முடியெல்லாம் குடிச்சு வெச்சுக்கும். மழைக்காலத்துல துவைச்சா காயாது. பூஞ்சை வாடை வேற இலவச இணைப்பு!

அடுத்த கடையில 'ஒரிஜினல் பவானி ஜமக்காளம்'னு ஒண்ணை விரிச்சாங்க. விலை ரொம்பக் கம்மி. வெயிட்டும் கம்மி. ஓரத்துல தொங்கின ஒரு நூலைக் கேட்டு வாங்கி, டீக்கடை வாசல்ல லைட்டர்ல காட்டினோம். பருத்தின்னா காகிதம் எரியுற வாசனையோட சாம்பலா உதிரும். இது உருகி, குட்டி மணியா இறுகிடுச்சு. ஜமக்காளத்தைக் கைத்தறியிலதான் நெய்யணும்னு 1985-லயே சட்டம் இருக்கு. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனா, விசைத்தறியில ஓட்டின நகல், அசல் பேரை மாட்டிக்கிட்டுக் கடைக்குக் கடை உட்கார்ந்திருக்கு.

"அப்போ பவானிக்கே போயிடலாம்டா!"

சங்ககிரி, குமாரபாளையம் தாண்டி, காவிரிப் பாலத்தைக் கடந்தா பவானி. கூடுதுறையில சங்கமேஸ்வரருக்கு ஒரு கும்பிடு. அப்புறம் விசாரிச்சு விசாரிச்சு ஒரு தறி வீட்டுக்குள்ளே நுழைஞ்சோம். குழித்தறியில காலை இறக்கி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தறியில சிவப்பும் நீலமும் பச்சையுமா பட்டை பட்டையா வளர்ந்துட்டு இருந்துச்சு. பாவு நூல் உள்ளே ஒளிஞ்சுக்கும். நாம பார்க்குற கலர் எல்லாம் குறுக்கே ஓடுற தடிமனான ஊடை நூல். அதனாலதான் ஜமக்காளத்துக்கு முன்பக்கம், பின்பக்கம்னு பேதம் இல்லை. ஒரு பக்கம் அழுக்கானா, திருப்பிப் போட்டுக்கலாம்!

நண்பன் ஆர்வமா, "ஆறுக்கு எட்டு, நல்ல செவப்புக் கலர், நடுவுல பாட்டி பேர்"னு ஆரம்பிச்சான்.

பெரியவர் தறியை நிறுத்தினார். "யாருங்க தம்பி உக்காரப் போறாங்க?"

மொத்தக் கதையையும் சொன்னோம். மணிக்கட்டு, மிளகு, ஜன்னல், கண்ணுல புரை... எல்லாம். கேட்டுட்டு ஒவ்வொண்ணா வந்தார்.

"பேரைப் போட்டா அதும்மேல பாட்டி உக்கார மாட்டாங்க. செவப்புத் தரையில செவப்பு விரிச்சா, அவங்க கண்ணுக்கு விளிம்பு எங்கே தெரியும்? தடுக்கித்தான் விழுவாங்க. வெளிர் மஞ்சளும் இளம்பச்சையுமா போடறேனுங்க. முனையில குஞ்சம் தொங்க வேண்டாம், கால் விரல்ல மாட்டும். மடிச்சுத் தைச்சுருங்க. அப்புறம், ஆறுக்கு எட்டு எதுக்குங்க? ஒண்டி ஆளா அவங்களே மடிக்கணும், உதறணும். நாலுக்கு ஆறு போதும்."

நாங்க கடை கடையா அலைஞ்சப்போ, எந்தக் கடையிலயும் யாரும் கேட்காத கேள்வி அது.

விலை, நகலோட விலையைவிட ரெண்டு மடங்குக்கு மேல. நண்பன் பேரம் பேச வாயைத் திறந்தான். பெரியவரோட குழிக்குப் பக்கத்துல இருந்த தறி காலியா, தூசி படிஞ்சு கிடந்தது. "பையன் மில்லுக்குப் போறானுங்க. இதுல நெஞ்சாத்தான் கூலி" என்றார். நண்பன் வாயை மூடிட்டு அட்வான்ஸை எடுத்து நீட்டினான். 2025-ல லண்டன் ஃபேஷன் வீக் மேடை வரைக்கும் போன துணி இது. ஆனா, நெய்யுற இடத்துல தறிகள் குறைஞ்சுட்டேதான் வருது.

ரெண்டு வாரம் கழிச்சு, சுருட்டின ஜமக்காளத்தைக் குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கிட்டு மலை ஏறினோம். பாட்டி தடவிப் பார்த்தாங்க. முகர்ந்து பார்த்தாங்க. "நல்லா இருக்குடா"ன்னு அழகா மடிச்சு, டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாங்க. "உன் கல்யாணத்துக்கு விரிக்கலாம்!"

நண்பனோட மூஞ்சியைப் பார்க்கணுமே!

"பாட்டி, கல்யாணத்துக்குப் பந்தி ஜமக்காளம் பெருசா வாங்கிக்கலாம். இது நாலுக்கு ஆறு, ஜன்னலோரத்துக்குன்னே நெஞ்சது. வேற எங்கேயும் பொருந்தாது." கெஞ்சிப் பார்த்தான். அவங்க பதில் சொல்லலை.

மறுநாள் காலையில எழுந்தா, வெளியே பனிமூட்டம். ஜன்னலோரம் மஞ்சளும் பச்சையும் விரிஞ்சிருந்தது. அதும்மேல பாட்டி. முறத்துல மிளகு. எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "தரை சில்லுனு இருந்துச்சு, அதான்" என்றார்கள்.

ஆர்டர் கொடுக்கப் போறீங்களா?

* விரிக்கப்போற இடத்துல பழைய நியூஸ்பேப்பரைப் பரப்பி, ரெண்டு நாள் அதுமேல நடந்து பாருங்க. சரியான அளவு தானா தெரிஞ்சிடும். கதவு உள்பக்கம் திறக்குதான்னும் பாருங்க, தடிமன் இடிக்கும்.

* அகலத்தைத் தறி முடிவு பண்ணும், நீளத்தை நீங்க முடிவு பண்ணலாம். அதனால அகலத்தை முதல்ல பேசிடுங்க.

* ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா உஷார்!

* வழவழ தரையில ஜமக்காளமும் சறுக்கும். அடியில ரப்பர் வலை போட மறக்காதீங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, இது கட்டாயம்.